ஒன்பதாம் அத்தியாயத்தில் என் புலம்பல்

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். போன வாரம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எல்லாம் பதினோரு வினாடிப் பேச்சால் வந்த வினை.

பார்வையற்றவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களைக் குறுந்தகட்டில் பதிவு செய்கிறோம், நானும் என் மனைவியும். வாய்விட்டுப் படிப்பது நான். என் இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டியெறிந்து, கேட்பவர் வேண்டிய அத்தியாயத்துக்குத் தாவிப் போக அடையாளம் வைத்து, தகட்டில் ஏற்றுவது அவள். கடைசியில் கேட்டுச் சரிபார்ப்பவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். அவருக்குப் பார்வை கிடையாது. ஆனால் காது இருக்கிறதே! ஊசி விழுந்தால் எந்தக் கம்பெனி ஊசி என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்குத் தேனீ வளர்ப்புப் புத்தகம், ஒன்பதாம் அத்தியாயம். நடுவில் குளியலறையிலிருந்து மனைவியின் குரல், அடுப்பை அணைக்கச் சொல்லி. நான் பதிவை நிறுத்தாமலே பொரிந்து தள்ளிவிட்டுப் போனேன். "அஞ்சு நிமிஷம் நிம்மதியா படிக்க விடுறாளா? வாயா அது? இவளுக்கு இவ அம்மாவே தேவலை!"

இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், காதில் ஹெட்போனோடு எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். போன தடவை கோபித்துக்கொண்டவள் பன்னிரண்டு நாள் பேசவில்லை. அதுவும் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு.

"ஏம்மா, எழுந்திரு. மிச்சத்தை நான் வெட்டுறேன்."

"உங்களுக்கு வெட்டத் தெரியுமா?"

"கத்துக்கறேன். உனக்குக் கண்ணு வலிக்கும்."

"காதாலதானே கேக்கறேன்?"

"காது வலிக்கும்!"

"என்னங்க, இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடுதே."

"பாத்திரம் நான் கழுவறேன். ஒரு வாரம்!"

அவள் அசையவில்லை. திரையில் எட்டு முடிந்து ஒன்பது தொடங்கியது.

"ஒரு மாசம்! துணியும் நானே துவைக்கறேன்! உங்க அம்மா வந்து ரெண்டு மாசம் தங்கட்டும்!"

"வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம். மைக்குல சொல்லுங்க."

சொன்னேன். ஒரே மூச்சில், ஒரு தடுமாற்றம் இல்லாமல். அதற்கப்புறம்தான் நாற்காலி கிடைத்தது. அத்தியாயம் முழுக்கத் தேடினேன். தேனீ இருந்தது, தேன் இருந்தது. என் புலம்பலை மட்டும் காணோம்.

"அதைத் தேடறீங்களா? அன்னிக்கே வெட்டிட்டேன். இது ரெண்டாம் தடவை கேக்கறது."

"அப்பாடா! தூக்கிப் போட்டுட்டியா?"

"எதுக்குப் போடணும்? ஆறு புத்தகத்துல நீங்க திட்டினது மொத்தமும் ஒரு தனித் தகடா போட்டிருக்கேன். ஒண்ணாம் அத்தியாயம், என் சமையல். ரெண்டு, எங்க அம்மா. மூணு, எங்க அண்ணன். வேணுங்கற இடத்துக்குத் தாவிப் போகலாம்."

"மச்சானுக்குத் தெரியுமா?"

"அவர் சரிபார்க்காம எந்தத் தகடு வெளிய போகுது? நேத்தே கேட்டு முடிச்சுட்டார்."

"ஐயோ! என்ன சொன்னார்?"

"மாப்பிள்ளை மத்த புத்தகமெல்லாம் ஏனோதானோன்னுதான் படிக்கறார், இது ஒண்ணைத்தான் மனசாரப் படிச்சிருக்கார்னு சொன்னார்."