மாட்டுக்கு இடது கை வலி

நோயாளியைக் கண்டால் ஓடி ஒளியும் மருத்துவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் ஏற்காட்டுக்குப் பக்கத்தில், மஞ்சக்குட்டையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘நம்பர் டாக்டர்’.

வெளிநாட்டில் ஆறு வருடம் மருத்துவம் படித்துத் திரும்பியவர். அப்படிப் படித்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். பிறகு மருத்துவமனையில் பயிற்சி. அதெல்லாம் முடிந்த பிறகுதான் பதிவு எண். அது இல்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். இவர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். யார் என்ன கேட்டாலும் “நம்பர் வரட்டுமுங்க” என்பதே பதில். பெற்ற தாய் இருமினாலும், “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாம்மா” என்று குடையை எடுத்து நீட்டுவார்.

ஊர் விடுமா? மனிதருக்குச் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததும் மாட்டின் பேரில் கேட்க ஆரம்பித்தது.

“ஏனுங்க டாக்டர், எங்க மாட்டுக்குச் சக்கரைங்க. ராகிக்களி திங்கலாமுங்களா?”

“மாட்டுக்கும் என்கிட்ட நம்பர் இல்லீங்க.”

“பாவமுங்க, நொம்பத் தடவ வெளிய போகுது. செருப்ப மாட்டறதுக்குள்ள அவசரமாயிருதுங்க.”

கதவு சாத்தப்படும்.

மூன்றாவது தேர்வு நாள் என் டைரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, கடும் பனி, முதல் பஸ் வரவில்லை. சேலத்தில் தேர்வு. எட்டரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நானும் சேலம் போகக் காத்திருந்தேன். அப்போது பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்தார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, எங்க மாட்டுக்கு இடது கை வலிக்குதுங்க. நெஞ்சுல கல்ல வச்சாப்புல இருக்குதுங்க.”

இம்முறை நம்பர் டாக்டர் நம்பரைப் பற்றிப் பேசவில்லை. நடுரோட்டில் நின்று ஒரு ஜீப்பை மறித்தார். ரைட்டரை ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ரைட்டரின் மணிக்கட்டிலிருந்து அவர் விரல் விலகவில்லை.

“பொழச்சுக்குவனுங்களா டாக்டர்?”

“நான் டாக்டர் இல்லீங்க, பக்கத்து சீட்டுக்காரன். பேசாம சாஞ்சுக்குங்க.”

அடிவாரம் தாண்டியதும், என்னிடம் பரீட்சை விஷயத்தைக் கேட்டறிந்திருந்த ஜீப்காரர் வேகத்தைக் குறைத்தார். “பரீட்சை எடம் இந்தப் பக்கமுங்க. எறங்கிக்குங்க, ஆஸ்பத்திரிக்கு நாங்க கூட்டிட்டுப் போயிக்கறோம்.”

“நடுவுல மூச்சு நின்னுபோச்சுன்னா நெஞ்ச அமுக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு?”

ஜீப்காரர் என்னைப் பார்த்தார். “எனக்கும் தெரியாதுங்க” என்றேன்.

“அப்ப ஓட்டுங்க.”

ரைட்டர் பிழைத்தார். தேர்வுக் கதவு சாத்தியிருந்தது. அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம். திரும்பும் பஸ்ஸில் நம்பர் டாக்டர் ஹால் டிக்கெட்டை உறையோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை தேறினார். பயிற்சியும் முடிந்தது. பதிவு எண்ணைப் பெரிதாக எழுதிய பலகை அவர் வீட்டு வாசலில் ஏறியது. முதல் நாள், வரிசையில் முதல் ஆளாக ரைட்டர் நின்றார்.

“டாக்டர், இன்னிக்கு மாடு வரலீங்க. நானே வந்திருக்கறனுங்க.”

பஸ் தாமதமானதைக்கூட டைரியில் குறித்துவைப்பவன் நான். அவருடைய பதிவு எண்ணை மட்டும் எங்கும் எழுதவில்லை. அது எனக்கு மனப்பாடம்.