ஆறட்டும் சிஸ்டரும் நனைந்த மூட்டைகளும்

ஆறட்டும் சிஸ்டரைப்போல ஈரத்தை வெறுத்த ஒரு மனிதப் பிறவி கொள்ளிடத்துக்கு வடக்கே பிறந்ததில்லை. மழை வந்தால் அரியலூரே வானத்தைப் பார்த்துச் சிரிக்கும். அவர் மட்டும் முறைப்பார்.

யுத்த காலத்தில் அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அவர் ஆபரேஷன் அறை நர்ஸ், வரதராஜன்பேட்டைக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு எல்லாவற்றையும் இரட்டைத் துணியில் மூட்டையாகக் கட்டி நீராவிப் பெட்டியில் வேகவைப்பது அவர் வேலை. வெந்த மூட்டையை அலமாரியில் அடுக்க நாங்கள் கை நீட்டினால் "ஆறட்டும்" என்பார். சூட்டோடு அடுக்கினால் மூட்டை வேர்க்கும், வேர்த்த துணி வழியாகக் கிருமி நுழையும் என்பது அவர் கட்சி. அப்படி வந்த பெயர்தான் அது.

சுவரின் ஈரம் படக்கூடாதென்று அலமாரியைத் தள்ளி, கால்களுக்குச் செங்கல் கொடுத்து, அறை நடுவில் தேர் மாதிரி நிறுத்தியிருந்தார். நாங்கள் அதைச் சுற்றித்தான் நடமாட வேண்டும். டாக்டர் ஒருநாள் கழுவிய ஈரக் கையோடு, திறந்திருந்த அதன்மேல் சாய்ந்துவிட்டார்.

"சார், மூட்டை மேல ஒரு சொட்டு விழுந்திருச்சு."

"ஒரு சொட்டுதானேம்மா."

"கிருமிக்கு ஏரி கொளமெல்லாம் வேணாம் சார். அதுவே போதும்."

அந்த மூட்டை பிரிக்கப்பட்டு மறுபடி வெந்தது. ஜில்லாவிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு மூட்டையை மாம்பழம் போல அமுக்கிப் பார்த்தார். அதற்கும் அதே கதி. அவர் வண்டியேறும்வரை சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. நைந்த துணிகளை வெயிலுக்கு நேரே பிடிப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தள்ளுபடி. தீபாவளிக்கென்று அலைந்து வாங்கிய என் புது வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கஞ்சி போவணும். இல்லாட்டி ஆவி உள்ள எறங்காது. பத்துத் தடவையாச்சும் தொவைக்கணும்" என்றார். என் வேட்டி கொடியில் காய்வதைப் பத்து நாள் பார்த்துக்கொண்டே மருந்து கலக்கினேன்.

அந்த ஐப்பசி அடைமழையில் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு வயிறு கல்லாகியிருந்தது. உடனே அறுக்க வேண்டும். சிஸ்டர் அலமாரியைத் திறந்தார். ராத்திரி ஓடு ஒழுகி, இருந்த ஆறு மூட்டையும் நனைந்திருந்தன.

"மேல்துணிதான் நனைஞ்சிருக்கு. உள்ள காஞ்சுதான் இருக்கும், கொண்டாங்க" என்றார் டாக்டர்.

"இருக்காது சார்."

"நான் சொல்றேன்ல."

சிஸ்டர் ஜன்னலைத் திறந்து ஒவ்வொரு மூட்டையாக வெளியே சேற்றில் போட்டார். ஆறாவது விழுந்த பிறகு வாதாட அங்கே எதுவும் மிச்சமில்லை. தகர டிரங்கில், வேகவைக்காமல் கட்டி வைத்திருந்த மூட்டைகள் காய்ந்து கிடந்தன. அவற்றை நீராவிப் பெட்டிக்குள் வைத்து ஸ்டவ்வைப் பற்றவைத்தார். முக்கால் மணி நேரமாகும். டாக்டர் நோயாளியின் நாடியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே அந்த ஆளின் மனைவி என்னை மறித்தார்.

"உள்ள என்னங்க பண்றாங்க?"

"துணி வேகுதும்மா."

"எங்க வூட்டுக்காரரு உசுருக்குத் துடிக்கிறாரு, நீங்க துணி வேகவச்சிக்கிட்டிருக்கீங்களா?"

"இப்ப வெந்துரும்மா" என்றேன்.

உள்ளே போனால் சிஸ்டர் ஸ்டவ் முன்னால் நின்றிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டனா கம்பவுண்டர்?"

"இல்லீங்க சிஸ்டர்."

எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

நேரம் முடிந்ததும் ஆவியைத் திறந்துவிட்டு, துணி உலரக் காத்து நின்றார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் "ஆறட்டும் சார்" என்றார். அந்த அறையில் அப்போது சூடாக இருந்தது துணி மட்டுமல்ல.

அந்த மனிதர் பிழைத்தார். எட்டாம் நாள் தையல் பிரித்தபோது காயத்தில் ஒரு துளி சீழில்லை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கூரை ஓடு மாத்தச் சொல்லியிருக்கேன் சிஸ்டர்" என்றார். அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவர் கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் கும்பிடும் சாமி வேறு, நான் கும்பிடும் சாமி வேறு. அந்தக் காலத்தில் அதைத் தாண்டிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. திருச்சி வண்டி வரும்வரை ஸ்பிரிட் பாட்டில் மூடிகளைப் பற்றியே பேசினோம். வண்டியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன்.

வண்டி கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை என்பது உறைத்தது. டாக்டரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். கேட்டிருக்கலாம்.