பத்தொன்பது நிமிடத் தீர்ப்பாளர்

‘இரண்டாம் பாகம்’ என்று யாராவது சொன்னதும் உங்கள் உதடு எந்தப் பக்கம் கோணுகிறது? கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். இம்மியளவு கோணினாலும் ஜாக்கிரதை. முதல்பாகத்தார் என்னும் இனத்தின் முதல் அறிகுறி அது.

இந்த இனத்துக்கு இருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. எது வந்தாலும் அதற்கு முன்னால் வந்ததுதான் நன்றாக இருந்தது. முன்னால் வந்தது வந்தபோது, அதற்கும் முன்னால் வந்தது நன்றாக இருந்தது. இப்படியே பின்னோக்கி நடக்கவிட்டால் இவர்கள் குகைக்குள் போய், சுவரில் மாடு வரைந்துகொண்டிருப்பவனிடம் “போன மாடு இதைவிட நல்லா இருந்துச்சே” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார்கள்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை அருகில் போய்ப் பார்க்கலாம். வீட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. இணையத்தில் அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் ‘கறார்’. நாமும் அப்படியே அழைப்போம். அவர் ஆசையைக் கெடுப்பானேன்?

கறார், விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் காப்பீட்டு ஆய்வாளர். அந்த வேலையில் அவரை அசைக்க முடியாது. பட்டறையின் எண்ணெய்த் தரையில் மண்டி போட்டு, டார்ச் அடித்து, பம்பருக்கு அடியில் தலையை நுழைத்து, பழைய துரு எது, புதிய கீறல் எது என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் படிவத்தின் கடைசி வரியான ‘நேரில் கண்டு எழுதியது’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார். புகைப்படத்தை மட்டும் பார்த்து அறிக்கை எழுதிய ஒரு இளைய ஆய்வாளரிடம், வண்டியைத் தொடாமல் எழுதுகிறவன் ஜோசியம் பார்க்கப் போகலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். சரியாகத்தான் சொன்னார்.

இவ்வளவு கறாரான மனிதர் மாலையில் வீடு திரும்பியதும் செருப்போடு சேர்த்து அந்தப் புத்தியையும் வாசலில் கழற்றிவிடுகிறாரே, அதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

‘குளிர்கிடங்கு’ என்று ஒரு வீடியோ கேம். கதவு வெளியில் பூட்டப்பட்ட இறைச்சிக் கிடங்கு ஒன்றில் ஒரு தொழிலாளி மாட்டிக்கொள்கிறான். கையில் இரும்புக் கொக்கியோடு ஒருவன் துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. எட்டு வருடங்களுக்கு முன் வந்தபோது கறார் அதைக் கால் இரண்டையும் சோபாவுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு விளையாடினார் என்பதற்கு அவருடைய மனைவி சாட்சி. இப்போது அதன் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் கறாரின் உதடு கோணியது.

அவருடையது மட்டுமா? முன்னோட்டமாக வெளியிட்ட ஒன்றரை நிமிடக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஒருவர், கொக்கிக்காரனின் கோட்டில் முன்பு ஐந்து பொத்தான் இருந்ததையும் இப்போது நான்கே இருப்பதையும் கண்டுபிடித்தார். ஒரு வாரம் போர் நடந்தது. விளையாட்டு விமர்சனத் தளத்தில், வன்முறை அதிகம் என்று ஒருவர் பூஜ்ய மதிப்பெண் கொடுத்தார். வன்முறை போதவில்லை என்று இன்னொருவர் பூஜ்யம் கொடுத்தார். தன் கணினி பழையது என்பதற்காக மூன்றாமவர் பூஜ்யம் கொடுத்தார். இந்த மூவரும் ஒருவர் கருத்துக்கு ஒருவர் மனமுவந்து கட்டைவிரல் உயர்த்திக்கொண்டார்கள். எதிரெதிரான இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வெறுப்பில் ஒற்றுமை வந்துவிட்டால் காரணங்களுக்கு என்ன வேலை?

விளையாட்டு வெளியான அன்று மாலை கறார் டிவி முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘ரத்தக் காட்சிகளை மென்மையாக்கிக் காட்டலாமா? ஆம், இல்லை.’ கறார் அதைப் படிக்கவில்லை. அப்போது அவர் கைபேசியில் விமர்சனத்தின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தார். விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இடது கை ‘முதல் பாகத்தின் ஆன்மா’ என்று தட்டிக்கொண்டிருக்க, வலது கட்டைவிரல் ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டது.

அப்புறம் என்ன? கொக்கி ஓங்கியது. விழுகிற நேரத்தில் திரை இருண்டது. வெளிச்சம் வந்தபோது தரையில் கறுப்பாக ஏதோ ஒரு ஈரம். மறுபடி கொக்கி, மறுபடி இருட்டு. பத்தொன்பதாவது நிமிடத்தில் கறார் அணைத்துவிட்டு எழுதி முடித்தார்: ‘கொக்கிக்காரன் கையை ஓங்கினால் திரை கண்ணை மூடிக்கொள்கிறது. இவர்களுக்கு ரத்தத்தைக் காட்டவே தைரியமில்லை. தரையில் ஓடுவது ரத்தமா, மழைத் தண்ணீரா? மூன்று வருடம் என்ன செய்தார்கள்? முதல் பாகத்தில் ஆன்மா இருந்தது. இதில் ஆன்மா இல்லை.’

ஆன்மா! உடலை அறுத்துப் பார்த்த எந்த மருத்துவர் கைக்கும் இதுவரை அகப்படாத பொருள். அது ஒரு விளையாட்டில் இருந்ததையும், அடுத்த விளையாட்டில் இல்லாமல் போனதையும் பத்தொன்பது நிமிடத்தில் கண்டறிந்துவிட்டார் நம்மவர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் பாகம் வந்தபோது இதே தளத்தில் இதே கறார் எழுதியது இன்னும் அங்கேயே கிடக்கிறது: ‘பழைய பேய் விளையாட்டுகளின் ஆன்மா இதில் இல்லை.’

அந்தத் தளம் ஒவ்வொரு விமர்சனத்துக்குக் கீழேயும் எழுதியவர் எவ்வளவு நேரம் விளையாடினார் என்று காட்டும். பத்தொன்பது நிமிடம் என்று எழுதித்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய் நாலாயிரத்துச் சொச்சம் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவர்களில் பலர் விளையாட்டை வாங்கவே இல்லை. வாங்காமல் தப்பித்த மகிழ்ச்சியில் உயர்த்திய விரல்கள் அவை. வார இறுதிக்குள் பக்கத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது கறாரின் தீர்ப்பு. மனிதர் பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டுகூடக் கைபேசியில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பதற்கு மேல் அவனைப் பற்றிக் கறாருக்குத் தெரியாது. ஆறு வருடமாகக் கேட்டதும் இல்லை. அன்றைக்கு அவன் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால், வேறு வழியில்லாமல் கேட்டார்.

“என்ன மாப்ள, வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“நாளைக்குத் தெரியும் அத்தான். எங்க பிரிவ வச்சுக்கிறதா கலைக்கிறதான்னு காலைல ஒம்போது மணிக்கு முடிவு பண்றாங்க.”

“நீ என்ன பிரிவு?”

“ரத்தம்.”

“ரத்த வங்கியிலயா வேலை பாக்குற?”

அவன் பொறுமையாகச் சொன்னான். குளிர்கிடங்கு இரண்டாம் பாகத்தில் ரத்தம் செய்தது அவனும் இன்னும் ஐந்து பேரும். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்து தன் குளியலறைத் தரையில் ஊற்றி, ஓடுகளுக்கு நடுவிலுள்ள கோட்டில் அது எப்படி ஊர்கிறது என்று படம் பிடித்தான். ஃப்ரீசரில் வைத்தெடுத்து, குளிர்ந்த இரும்பில் எவ்வளவு மெதுவாக வழிகிறது என்று கணக்குப் பார்த்தான். காயும்போது ஓரத்திலிருந்து பழுப்பாகுமா, நடுவிலிருந்தா என்று ஒரு முழு மாதம். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு போலீஸைக் கூப்பிடப் போனது தனிக் கதை. அலுவலகத்தில் அவனைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ‘ரத்தம், இங்க வா’ என்றுதான் அழைப்பார்கள். மூன்று வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை நிர்வாகிகள் அவர்கள் ஆறு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, சுவர் முழுக்க ஒரு விமர்சனத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டி, ரத்தமே இல்லை என்று ரசிகர்களே சொல்லும்போது ரத்தத்துக்கு ஒரு பிரிவு எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு, கைபேசியை எடுத்து அந்த விமர்சனத்தை வாசித்தான். கொக்கிக்காரன் கையை ஓங்கினால் திரை கண்ணை மூடிக்கொள்கிறது என்ற வரிக்கு வந்ததும் கறார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஒரு மனிதர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கறார் சொன்னது இது:

“நல்லா எழுதியிருக்கான்ல?”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “எழுதினதே இவருதான்டா.”

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அத்தானின் விளையாட்டைப் போடச் சொன்னான். திரை இருண்டது. கறுப்பு ஈரம் தெரிந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அமைப்புகள் பக்கத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினான்.

“ரத்தத்தக் கொறைக்கச் சொன்னது நீங்கதான் அத்தான். இது சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்குன்னு நாங்க வச்சது.”

‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினான். கொக்கி விழுந்தது. இந்தத் தடவை திரை கண்ணை மூடவில்லை. ரத்தம் முதலில் ஒரு குட்டையாகத் தேங்கி நின்று, தயங்கி, பிறகு தரை ஓடுகளின் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகச் சுற்றி வந்து, பார்க்கிறவரை நோக்கி ஊர்ந்தது. கறாரின் கால்கள் இரண்டும் தாமாகவே சோபாவுக்கு மேலே ஏறிக்கொண்டன.

“அந்த விமர்சனத்த மாத்தி எழுதிருங்க அத்தான். ராத்திரிக்குள்ள எழுதினா எங்க மேலாளர் அத எடுத்துட்டுப் போய்ப் பேசுவாரு.”

கறார் மாட்டேன் என்று சொல்லவில்லை. கெட்டவர் இல்லையே அவர். விமர்சனத்தைத் திறந்து, திருத்துவதற்கான பொத்தான் மேல் விரலையும் வைத்தார். அப்போதுதான் தளம் ஒரு சேதி சொன்னது: திருத்தினால் இதுவரை விழுந்த கட்டைவிரல்கள் அழிந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விரல் நின்றது.

“நாலாயிரம் பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க மாப்ள. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“ஆறு பேருக்கு என்ன பதில் சொல்வீங்க?” என்று கேட்டது மனைவி. அதற்குக் கறார் தண்ணீர் குடித்தார்.

தம்பி போன பிறகு வெகுநேரம் யோசித்து, எல்லோருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். தீர்ப்பை ஓர் எழுத்துகூடத் தொடவில்லை. அதற்குக் கீழே குவிந்திருந்த அறுநூறு பின்னூட்டங்களுக்கும் கீழே, புதிதாக ஒரு பின்னூட்டம் போட்டார்: ‘அமைப்பில் ஒரு சிறு குழப்பம் இருந்ததாகத் தெரிகிறது. ரத்தம் இருக்கிறது. ஆனாலும் ஆன்மா இல்லை.’

அதை ஒருவரும் படிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குள் ரத்தப் பிரிவு கலைக்கப்பட்டது. ரசிகர்களின் குரலுக்குத் தலைவணங்குவதாக நிறுவனம் அறிக்கை விட்டது. வணங்கிய தலைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆறு பேர் மேசையைக் காலி செய்து அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்து நின்றார்கள். ஆள் குறைக்க வேண்டும் என்று முதலாளிகள் எப்போதோ தீர்மானித்திருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு நல்ல காரணத்தை, கூலி எதுவும் வாங்காமல், தங்கத்தட்டில் வைத்துக் கொடுத்தது யார்? கறார் மட்டுமா? ஒற்றைக் கறாரை எந்தச் சுவரிலும் பெரிதாகப் போட்டுக் காட்ட மாட்டார்கள். அவரைச் சுவரேற்றியவை நாலாயிரத்துச் சொச்சம் விரல்கள்.

அதில் என் விரல் இல்லை, நான் விளையாட்டே விளையாடுவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். அவர்களில் பாதிப்பேரும் விளையாடவில்லை. பாராத படத்துக்கும் படியாத புத்தகத்துக்கும் போகாத கடைக்கும், யாரோ காரமாக எழுதிவிட்டார் என்பதற்காக நீங்களும் நானும் விரல் உயர்த்தியதில்லையா? நம் கைபேசி எதையும் மறப்பதில்லை. எல்லாம் வரிசையாக உள்ளேதான் இருக்கிறது.

அதைத் திறங்கள். எங்கேயெல்லாம் நேரில் காணாமல் ஆமோதித்தீர்களோ, அங்கேயெல்லாம் போட்ட விரலைத் திரும்ப எடுங்கள். பின்னூட்டத்தில் விளக்கம் எழுத வேண்டாம், எடுத்தால் போதும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு எங்கேயோ ஒரு கூட்டம் இருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.