கரையைக் கடக்காத டிப்ரஷன்

தன் மனத்துக்குத் தானே வானிலை அறிக்கை வாசித்த மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான். அவர் கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். பெயர் டிப்ரஷன் நைனா.

எழுபதுகளில் நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு மழைக்காலம் முழுக்க நைனா பேச்சே இல்லாமல் வீட்டில் படுத்துவிட்டார். பட்டணத்து டாக்டர் பார்த்துவிட்டு, "இது டிப்ரஷன்" என்றார். நைனாவோ பழவேற்காட்டு மீனவர் வீட்டில் பிறந்தவர். ரேடியோவின் இங்கிலீஷ் செய்தியில் அவருக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். கடலில் டிப்ரஷன், அதாவது காற்றழுத்தத் தாழ்வு என்றால் படகை இறக்கக் கூடாது. மெல்ல எழுந்து உட்கார்ந்து, "அவ்ளோதானா? எப்ப சார் கரையக் கடக்கும்?" என்று கேட்டாராம்.

அதுமுதல் நாங்கள் வேலைக்குப் போகும் காலை ரயிலில் தினமும் அறிக்கை. பனிமூட்டத்தில் வயலும் பனைமரமும் மிதந்து போகும். ஜன்னலோரம் நைனா அரைக்கண் மூடியபடி சொல்வார்: "நேத்திலேர்ந்து ஒரே எடத்துல நின்னுக்கினு கீது சார். லேசா தூறுது."

அத்தோடு விட்டாரா? கேட் வாட்ச்மேனுக்குத் தாழ்வு மனப்பான்மை, அதற்குக் காம்ப்ளக்ஸ் என்று பெயர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நைனா மறுநாளே பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வாட்ச்மேன் தேறி, மேனேஜர் காரையே நிறுத்தி, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டார்.

வினை வந்தது வைத்தியம் பார்த்த நைனாவுக்கு. மேனேஜர் என் எதிரிலேயே நைனாவைக் கூப்பிட்டு, "மெண்டல் கேஸை கிரேன்ல ஏத்த முடியாது. கீழே யார்டைப் பெருக்கு" என்றார். நைனாவின் முகம் செத்துவிட்டது. அந்த உயரத்திலிருந்துதான் அவருக்குக் கடல் ஒரு கோடாகத் தெரியும். அது போனால் மனிதர் மறுபடி படுத்துவிடுவாரே என்று எனக்குப் பயம்.

"மறுபடி வராதுன்னு என்ன நிச்சயம்?" என்றார் மேனேஜர்.

"வரும் சார். கடல்ல வருஷா வருஷம் வர்ல? அதுக்காவ படகை ஒடச்சி அடுப்புலயா வெக்கிறாங்கோ? ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துவாங்க. நானும் அது வந்தா கிரேன் ஏணில செவப்புத் துணி கட்டிடறேன். அன்னிக்கு மேல ஏற மாட்டேன். கீழயே பெருக்கிக்கினு கெடக்கறேன்."

மேனேஜர், "துணி இல்லாத அன்னிக்கு ஏறு" என்றார். நைனா போனதும் என்னிடம் தணிந்த குரலில், "அந்த மாத்திரை பேர் என்னய்யா?" என்று கேட்டார்.

சிவப்புத் துணி ஆடும் நாட்களில் நைனாவிடம் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். சொல்லாமலே பக்கத்தில் ஒரு டீ வந்துவிடும்.

இப்போதெல்லாம் மனசு மூட்டமாக இருந்தால் நானும் என் அறைக் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். டீயும் வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போது கரையைக் கடக்கும் என்று சொல்லத்தான் நைனா இல்லை.