ஒன்றேகால் சிப்பாய்

போர்க்களம் பார்க்காத தளபதி என்று ஓர் இனம் உண்டு. பக்கத்து வீட்டில் பலூன் வெடித்தால் தூக்கிவாரிப் போடும். ஆனால், என்றோ முடிந்துபோன உலகப் போரில் எந்தப் படை எந்தப் படையைவிட எத்தனை மடங்கு திறமையாகச் சண்டை போட்டது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நம் தளபதிக்கு வயது ஐம்பத்திரண்டு. பம்புத் தொழிற்சாலையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். பதினோரு வருடமாக, நான்கு நோட்டுகளில், விழுந்தவர் எத்தனை பேர், பிடிபட்டவர் எத்தனை பேர் என்று கூட்டி, சேற்றுக்கு இவ்வளவு, குளிருக்கு இவ்வளவு என்று கழித்து, கடைசியில் அவர் கண்ட உண்மை ஒரே வரி: இந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர், அந்தப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றேகால் பேருக்குச் சமம். மிச்சக் கால் சிப்பாய் எப்படி நடந்து வந்தார்? கேட்டால் முறைப்பார். தொழிற்சாலையில் அவர் பெயரே 'ஒன்றேகால்' ஆகிவிட்டது.

இந்த இனம் தனியாக உயிர் வாழாது. எதிர்ப்படைக்கு வக்காலத்து வாங்க ஓர் ஆள் வேண்டும். ஒன்றேகாலுக்கு வாய்த்தவர் மனைவியின் அண்ணன், பேருந்து ஓட்டுநர். "மாப்ள, ஒங்க ஆளுங்ககிட்ட டாங்கி இருந்துச்சு, சரி. டீசல் இருந்துச்சா?" பதினோரு வருடமாக அதே கேள்விதான்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, இருவரும் ஒரே அணியில் நிற்க நேர்ந்தது. ஒன்றேகாலின் மனைவி தையற்காரர். முதல் மாடியில் புதிதாகக் கடை பிடித்திருந்தார். மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் பன்னிரண்டு மணிக்குக் கடையைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் இருநூறு சீருடை, பிடிக்காவிட்டால் அடுத்த தெருத் தையற்கடை. துணி வெட்டும் மேசை இல்லாத கடையை யார் நம்புவார்கள்? மேசையோ ஏழடி. படிகள் பதினேழு.

பதினொன்று ஐந்துக்குத் தூக்கினார்கள். மேலே ஒன்றேகால், கீழே மச்சான். ஒன்பதாம் படியில், திருப்பத்தில், மேசைக்கால் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது.

"கொஞ்சம் பின்வாங்குங்க மச்சான்."

"பின்வாங்குறதா? அது ஒங்க படைக்குப் பழக்கம்."

"அது பின்வாங்கல் இல்ல. திட்டம் போட்டு எடம் மாறுனது!"

அவ்வளவுதான். மேசையைக் கம்பியில் சாய்த்துவிட்டு ஒன்றேகால் இடுப்பில் செருகியிருந்த மூன்றாம் நோட்டை உருவினார். படைகள் ஆற்றைக் கடந்தன. பாலங்கள் தகர்ந்தன. குளிர்காலம் வந்து போனது. மேசை மட்டும் அசையவில்லை.

"ஏங்க, மேசை வருதா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு!"

மூன்று முறை இதே கேள்வி, இதே பதில். நான்காம் முறை குரல் வரவில்லை. ஆளே வந்தார், கையில் ஸ்பேனருடன். மணி பதினொன்று நாற்பத்தொன்று.

"ரெண்டு படையும் கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா?"

மேசைக்கால் ஒன்றுக்கு இரண்டு போல்ட்டு. கழற்றி மாட்டத்தான் தச்சர் அப்படிச் செய்திருந்தார். கிடங்கில் எட்டாயிரம் போல்ட்டுக்குப் பதில் சொல்கிறவர் இந்த எட்டைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? ஆற்றங்கரையில் அல்லவா நின்றிருந்தார்!

கால்களைக் கழற்றியதும், கீழ்க்கடை ஜெராக்ஸ்காரம்மா ஒரு முனையைப் பிடிக்க, பலகை மேலே போய்விட்டது. தளபதிகள் ஆளுக்கு இரண்டு கால்களைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்கள்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வந்த செவிலியர், கால்கள் மாட்டி நின்றிருந்த மேசைமேல் கைப்பையை வைத்து, துணி மாதிரிகளைப் பரப்பினார். கடையைச் சுற்றிப் பார்த்தார். "எரநூறும் நீங்களே தைச்சிடுங்க" என்றார்.

அவர் போனதும் மனைவி கை நீட்டினார். "நோட்டக் கொண்டாங்க. எழுதுங்கண்ணே நீங்களாவது. ரெண்டு ஆம்பளைங்க, முப்பத்தாறு நிமிஷம், ஒம்பது படி. ரெண்டு பொம்பளைங்க, போல்ட்டுக் கழட்டுனதையும் சேத்து, எட்டு நிமிஷம், எட்டுப் படி. இப்ப வகுங்க."

எண்ணுக்கு முன்னால் ஒன்றேகால் பொய் பேசியதில்லை. மச்சான் எழுதியதை வாங்கி வகுத்தார். ஒன்றுக்கு நான்கு! காலும் இல்லை, அரையும் இல்லை, முழுசாக நான்கு.

நோட்டை மச்சான் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு மச்சான் மெல்லச் சொன்னார்: "மாப்ள, படி ரொம்பக் குறுகல்."

"ஆமா மச்சான். வெளிச்சமும் பத்தல. அதுக்குக் கழிக்கணும்."

பதினோரு வருடத்தில் இரு படைகளும் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அதுதான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று இங்கே ஓரிடத்திலும் எழுதவில்லை. நீங்களாகவே ஒரு பக்கத்தைப் பொருத்திக்கொண்டு, "ஒன்றேகாலா? ஒன்றரையாவது இருக்கும்" என்று முனகியிருந்தால், தயவுசெய்து எழுந்துபோய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு மேசை எந்தப் படியில் நிற்கிறது?