கிருமி வளர்க்கும் மருமகள்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். உங்கள் மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருக்கிறான், போன இடத்தில் நலமாக இருப்பதாகத் தகவல். உங்கள் மகளும் நலம். அவள் வளர்க்கும் கிருமிகளும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. உங்கள் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கும் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்து நியாயம். ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளராகக் காலம் தள்ளியவன் நான். வார்டு வார்டாகக் கிருமியைத் துரத்தித் துரத்தி அடித்த கை இது. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் பேனா இருக்கோ இல்லையோ, கிருமிநாசினி புட்டி இருக்கும். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்கு, கிருமி வளர்த்துச் சம்பளம் வாங்குகிற பெண்ணை அனுப்பி வைத்தீர்களே! சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு, "ஏதோ ஆராய்ச்சி பண்றா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். நானும் வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

மருந்துப் பூக்களில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறதா, உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் சத்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி என்று இப்போது தெரிகிறது. செம்பருத்தியும் சாமந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. வெயில் பட்டால் சத்து போய்விடுமாம், நிழலில்தான் காய வேண்டுமாம். கட்டிலில் பூ, சோபாவில் பூ, நான் பேப்பர் படிக்கிற நாற்காலியில் பூ. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்போ தவறினாங்க?" என்று கேட்டார். காய்ந்த பூவை அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன கூலியாளும் நான்தான். அங்கே ஊதா நிறத் தண்ணீரில் செம்பருத்திச் சாற்றைச் சொட்டினாள், ஊதா மறைந்து மஞ்சளாயிற்று. "பாத்தீங்களா மாமா, துருவைத் தடுக்கிற சத்து இதுல இருக்கு" என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கறை போயிற்று என்பதுதான். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மிச்சச் சாற்றை என் வெள்ளைச் சட்டைக் காலரில் தேய்த்தேன். காலர் ரோஸ் நிறமாகிவிட்டது, என்ன துவைத்தும் போகவில்லை. "இந்த வயசுல யாரு மனசைக் கவர இந்தக் கலரு?" என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள்.

இனிமேல்தான் விவகாரம். மூடி போட்ட வட்டத் தட்டுகளில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி, அதன் மேல் கிருமியைத் தடவுகிறாள் சம்பந்தி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல அவ்வளவு பதமாக! நடுவில் பூச்சாற்றில் நனைத்த பொட்டளவு காகிதம் ஒன்றை வைக்கிறாள். ஒரே ஒரு தட்டில் மட்டும் வெறும் தண்ணீரில் நனைத்த காகிதம். மறுநாள் தட்டெல்லாம் கிருமி படர்ந்து, காகிதத்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் விழுந்தால் பூ ஜெயித்ததாம். தண்ணீர்த் தட்டில் வட்டமே விழக் கூடாதாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம் பாத்துக்குங்க மாமா" என்று போன் பேச வெளியே போனாள். பாத்துக்குங்க என்றால் என்ன அர்த்தம்? உயிரோட கிருமி கண் முன்னாடி உட்கார்ந்திருக்கு, நான் சும்மா பாத்துட்டு இருக்கணுமா? நான் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன், கை கேக்கலை. பையிலேருந்து புட்டியை எடுத்து, ஒவ்வொரு மூடியா திறந்து, தட்டுக்கு ஒரு பீச்சு. ஒண்ணையும் விடலை. வேலையில அரைகுறை எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும்.

மறுநாள் எல்லாத் தட்டும் பளிச்சுன்னு இருந்ததாம். அவளோட பெரிய மேடம் ஓடி வந்து, "பூ ஒரு கிருமியைக்கூட விடலையே!"ன்னு கட்டிப் பிடிச்சிருக்காங்க. அப்புறம் தண்ணித் தட்டைப் பாத்திருக்காங்க. "தண்ணியே கிருமியைக் கொல்லுதுன்னா பூ எதுக்கும்மா? கிருமியைத் தடவினியா, இல்லை தடவினதா நினைச்சுக்கிட்டியா?"ன்னு கேட்டுட்டாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிப் பெரியவங்க முன்னால அவ இந்த முடிவைச் சொல்லணும். சரியா வரலைன்னா அந்த வாய்ப்பு வேற யாருக்கோ போயிடும். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து, "என் கையிலதான் ஏதோ தப்பு மாமா"ன்னு அழுதுச்சு. அது கையில ஒரு தப்பும் இல்லை, சம்பந்தி. ரொம்ப நல்ல கை.

சொல்லத்தான் போனேன். மாமனார் என்கிற கௌரவம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. ஆகவே பாவத்துக்குப் பரிகாரமாக, யாரும் கேட்காமலே பூவெல்லாம் நானே இதழ் பிரிக்கிறேன், அவளுடைய புட்டிகளைக் கழுவுகிறேன், சமயத்துக்குக் காபி போட்டு நீட்டுகிறேன். விரலெல்லாம் மஞ்சள். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, பக்குவமாக, நடந்ததை அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். என் பெயர் வராமல் சொல்ல முடிந்தால் இன்னும் விசேஷம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கிருமி அண்டாமல், துருப்பிடிக்காமல் நீடூழி வாழ மனமார வேண்டும்,

உங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: அப்பா, இதை எழுதுவது நான். தன் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாதென்று மாமா உறையை என்னிடம் கொடுத்து முகவரி எழுதச் சொன்னார். பசை சரியாக ஒட்டவில்லை, நானும் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன். நான் அழுதது நிஜம்தான். ஆனால் மறுநாளே தட்டை மோந்து பார்த்தேன், அப்படியே இந்த வீட்டுக் குளியலறை வாசனை, மாமாவின் புட்டி வாசனை. மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கலே வந்துவிட்டது. புதுத் தட்டுகளும் போட்டாச்சு. செம்பருத்திக்கு அழகாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது, தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குக் கவலை இல்லை. நீங்கள் இப்போதைக்குப் புறப்பட்டு வர வேண்டாம். எனக்குத் தெரியும் என்று மாமாவிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள். இன்னும் இரண்டு மூட்டை சாமந்தி பிரிக்க வேண்டியிருக்கிறது.