பல் டாக்டர் தவறவிடப் பார்த்த கப்பல்

விமானம் தாமதமாகத்தான் கிளம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு டிக்கெட் எடுத்தவர் இந்த உலகத்தில் நம் பல் டாக்டர் ஒருவராகத்தான் இருப்பார்.

விஷயம் இதுதான். டாக்டருக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீர் பரவாயில்லை, அது டம்ளருக்குள் அடங்கி ஒடுங்கி இருக்கிறது. குளிப்பதுகூட வாளியில் மொண்டுதான். ஷவரைத் திறந்தால் நாலு பக்கமும் சுற்றி வளைத்துக்கொள்கிறதாம். இப்பேர்ப்பட்ட வீரரைத்தான் அவர் மனைவி கப்பலில் ஏற்றப் பார்த்தாள்.

அவளைக் குறை சொல்வதும் நியாயமில்லை. வாயைக் கொடுத்தது இவர். வெள்ளி விழாக் கல்யாண நாள் நெருங்குகிற சந்தோஷத்தில், "உனக்கு என்ன வேணுமோ கேளும்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்கித் தர்றேன்" என்றார். வளையல், மிஞ்சிப் போனால் ஒரு சங்கிலி என்று அவர் கணக்கு. அவளோ கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்கு எதிரே மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். பற்பசைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. கப்பல் தளத்தில் நின்றுகொண்டு ஒரு குடும்பமே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அந்த மேஜையில் உட்கார்ந்து அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஊரார் வாயில் பிழைக்கிற டாக்டரும் கடைசியில் தன் வாயால்தான் கெட்டார்.

பயம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வார்? நாற்காலியில் படுக்கிற ஒவ்வொருவரிடமும், "பயப்படவே கூடாது. ஒண்ணும் ஆகாது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் பூராவும் உபதேசம் செய்கிறவர். போன வாரம்தான் கரப்பான் பூச்சியைப் பார்த்துக் கத்திய மனைவிக்கும் தைரியத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் செய்திருந்தார். இப்போது போய், "எனக்குக் கடல்னா உதறல்" என்றால் மானம் என்ன ஆவது?

ஆகவே டாக்டர் வீறுகொண்டு எழுந்தார். கப்பலுக்குப் போகிறோம், ஆனால் போய்ச் சேர மாட்டோம் என்று சபதம் எடுத்தார்.

"கப்பல் டிக்கெட்ட நீ பாத்துக்கோ. விமானமும் இன்சூரன்ஸும் என் பொறுப்பு" என்றார் பெருந்தன்மையாக. டிக்கெட் வந்தபோதும் அதை வாங்கிப் படிக்கவே மறுத்துவிட்டார். அதில் அச்சடித்திருந்த அலையைப் பார்த்தாலே தலை சுற்றியது.

துறைமுகம் இருக்கிற ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும். எந்தக் கம்பெனி விமானம் எப்போதும் தாமதம் என்று வருகிற நோயாளிகளிடமெல்லாம் விசாரித்தார். அடிக்கடி பறக்கிற ஒரு துணி வியாபாரி, "அந்தக் காலை விமானமா? அது நேரத்துக்குக் கிளம்பினா பேப்பர்லயே போடுவாங்க டாக்டர்" என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

அடுத்தது இன்சூரன்ஸ். ஏஜென்ட் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்திருந்தார். வாய்க்குள் பஞ்சும் குழாயும் இருந்த நேரமாகப் பார்த்து டாக்டர் ஆரம்பித்தார்.

"விமானம் லேட்டாகி, கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிட்டா பணம் திரும்ப வருமா? வரும்னா ஒரு 'ஆ', வராதுன்னா ரெண்டு 'ஆ'."

"ஆ."

"முழுசாவா?"

"ஆ."

"விமானம் லேட்டாகும்னு தெரிஞ்சே ஒருத்தர் டிக்கெட் எடுத்திருந்தா?"

"ஆ! ஆ!"

"இது பதிலா, வலியா?"

ஏஜென்ட் கையையும் காலையும் ஆட்டினார். டாக்டர் அதை வலி என்றே எடுத்துக்கொண்டு ஊசியை இன்னொரு தரம் போட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கிளினிக்கில் டாக்டர் பல்லை மட்டும்தான் பார்க்கிறார். மற்றதையெல்லாம் நடத்துவது மனைவி. ஐந்தரைக்குப் பார்க்க வேண்டியவரை ஐந்து மணிக்கு வரச் சொல்வாள். எப்படியும் ஐந்தரைக்குத்தான் வருவார் என்று அவளுக்குத் தெரியும். நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான் என்பதால், உள்ளே அலறுவது வெளியே கேட்காமல் இருக்க மேஜையில் ரேடியோவைப் பாட விட்டிருப்பாள். அன்றைக்கு ரேடியோ பாடவில்லை. வேலை முடிந்ததும் டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பாட்டுக் காணோம்?" என்றார்.

"அதுக்கும் தொண்டை கட்டிக்கிச்சு போல" என்றாள்.

"அது கிடக்கட்டும். அடுத்த மாசம்னு சொன்னியே, கப்பல் என்னைக்குக் கிளம்புது?"

அவள் பேனாவைக் கன்னத்தில் தட்டி ஒரு கணம் யோசித்தாள். பிறகு நோயாளிகளிடம் பேசுகிற அதே தேன் குரலில், "முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர்" என்றாள். கிளினிக்கில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை காலையில விமானம்."

"அன்னைக்கேவா? ஏதாவது லேட்டாயிட்டா? ஒரு நாள் முன்னாடியே போயி ஹோட்டல்ல இருந்துட்டா நிம்மதியா இருக்குமே?"

"ஹோட்டல் தண்டச் செலவு. லேட்டானா என்ன, அதான் இன்சூரன்ஸ் இருக்கே!"

"சரி டாக்டர்."

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. அங்கேயே டாக்டர் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே! ஜெயித்த மயக்கத்தில் மத்தியானம் ஒருவருக்குச் சொத்தையில்லாத பல்லைப் பிடுங்கப் போய், அந்த ஆளே இவர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமையும் வந்தது. விமான நிலையத்துப் பலகையில் அவர்கள் விமானத்துக்கு நேராகத் 'தாமதம்' என்று சிவப்பாக எரிந்தது. டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் முகத்தில் காட்டக் கூடாதே! நேராகக் கவுன்ட்டருக்குப் போய், அங்கிருந்த பெண்ணைப் பார்த்து மேஜையைத் தட்டினார்.

"என்னம்மா அநியாயம் இது! எங்க கப்பல் போயிடும்மா!"

"மன்னிச்சுக்கங்க சார். மத்தியானத்துக்கு மேலதான் கிளம்பும்."

"ரொம்ப சந்தோஷம்!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்தார். மனைவி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை.

அவள் மடியில் ஒரு தொப்பி இருந்தது. கப்பல் தளத்தில் போட்டுக்கொள்ள என்று வாங்கியது. விலைச் சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். டாக்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகச் சுவரில் கப்பலைப் பார்த்தவளுக்கு நிஜக் கப்பலைக் காட்டாமல் செய்துவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டாரே தவிர, பலகையில் தாமதம் இன்னும் நீண்டபோது உள்ளுக்குள் குதிக்கவும் செய்தார்.

குற்ற உணர்ச்சி வந்தால் டாக்டருக்குப் பேச்சு அதிகமாகிவிடும்.

"எனக்குத்தாம்மா ஆறவே மாட்டேங்குது" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "அந்தக் கப்பல் மட்டும் கிடைச்சிருந்தா, உள்ள ரூம்ல அடைஞ்சா கிடப்பேன்? பால்கனியில நின்னு, விடிய விடியக் கடலையே பாத்துட்டு இருந்திருப்பேன்!"

"நிஜமாவாங்க?"

"பின்ன? உன் கையப் பிடிச்சுக்கிட்டு, அலை வந்து முகத்துல அடிக்க அடிக்க..."

"அவ்வளவு ஆசையா உங்களுக்கு? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரிகூட இருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். பாவம், அக்காவிடம் அழப் போகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

விமானம் போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கப்பல் கிளம்பும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. டாக்டர் கடைசியாக ஒரு தரம் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம கையில என்ன இருக்கு, சொல்லு? வா, திரும்பிப் போக டிக்கெட் கிடைக்குதா பாப்போம்."

"வந்தது வந்தோம், ராத்திரி தங்கிட்டுப் போலாங்க. நான் ஒரு ஹோட்டல் சொல்லி வச்சிருக்கேன்."

தண்டச் செலவுதான். ஆனால் ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்று டாக்டர் டாக்ஸியில் ஏறினார். ஹோட்டல் அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, காற்று வரட்டும் என்று திரைச்சீலையை விலக்கினார்.

ஜன்னல் முழுக்கக் கப்பல் நின்றது. மாடி மேல் மாடியாக, விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, சுவரில் தொங்கியதைப் போல ஆயிரம் மடங்கு.

"இ... இது என்ன, இன்னும் போகலையா? இதுவும் லேட்டா?"

மனைவி கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்து தொப்பியின் விலைச் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க அஞ்சரைக்குப் பாக்குற பேஷன்ட்டுக்கு நான் என்ன டைம் சொல்லுவேன்?"

"அஞ்சு."

"எதுக்கு?"

"லேட்டாத்தான் வருவாங்கன்னு..." டாக்டருக்குச் சொல்லச் சொல்லவே புரிந்துவிட்டது. தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்?

"கப்பல் நாளைக்குத்தாங்க. அப்புறம், கப்பல்ல நமக்கு ஜன்னலே இல்லாத உள்பக்க ரூம்தான் போட்டிருந்தேன். நீங்கதான் அவ்வளவு ஆசைப்பட்டீங்களே, மனசு கேக்கல. போன் பண்ணிப் பால்கனி வச்ச ரூமா மாத்திட்டேன். கட்டில்ல படுத்துக்கிட்டே அலையப் பாக்கலாமாம்."

டாக்டர் திரையை இழுத்து மூடினார். மூடியும் கப்பல் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். பல வருஷம் கழித்து, முதல் தடவையாக அவர் வாயிலிருந்து உண்மை வந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"தெரியும். கல்யாணமான புதுசுல இருந்தே தெரியும். வாளியில மொண்டு குளிக்கிறவரப் பத்தி வேற என்ன நினைக்க?" அவள் கைப்பையைத் திறந்து தலைச்சுற்றல் மாத்திரையை எடுத்தாள். "உங்களுக்காக ஏஜென்ட் கிட்டக்கூடப் பேசினேன். கப்பல் தவறினாத்தான் பணமாம். பயத்துக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம். பயப்படாதீங்க, நான் கையப் பிடிச்சுக்கிறேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். எங்க, வாயத் திறங்க டாக்டர்."

டாக்டர் திறந்தார். மாத்திரையை நாக்கில் வைத்தவள், அவர் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்குக் காலையில கிளம்பலாமா? சரின்னா ஒரு 'ஆ', வேண்டாம்னா ரெண்டு 'ஆ'."

டாக்டர் ஒரே ஒரு 'ஆ' சொன்னார்.